கல்யாண போட்டோவும் சாஃப்ட் காப்பியும்



ஆடி முடியப் போகிறது. ஆவணி முகூர்த்தத்துக்கு மண்டபம், சமையல், நாதஸ்வரம் என்று அட்வான்ஸ் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். போட்டோகிராபரிடம் பேசி முடிப்பதற்குள் இந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

முத்தியால்பேட்டை வாசகி ஒருவரின் கடிதம்தான் என்னை எழுத வைத்தது. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது நம் புதுச்சேரியில் 40 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டித் தீர்த்தது. அவர் வீட்டு பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த மகளின் கல்யாண ஆல்பம் நனைந்து, பக்கங்கள் ஒட்டிக்கொண்டன. மெல்லப் பிரித்துப் பார்த்தாராம். மாலை மாற்றும் படத்தில் மாப்பிள்ளையின் முகம் எதிர்ப்பக்கத்தோடு உரிந்து வந்துவிட்டது. படம் எடுத்த ஸ்டுடியோவுக்கு ஓடினால், "ஹார்ட் டிஸ்க் நிறைஞ்சு போச்சும்மா, பழசையெல்லாம் அழிச்சிட்டோம்" என்று பதில். கல்யாணத்தின்போது சாஃப்ட் காப்பி கேட்டதற்கு, கொடுக்கும் வழக்கமில்லை என்று சொன்னதும் அவர்கள்தான்.

மிஞ்சியவை வாட்ஸ்அப்பில் வந்த சில படங்கள். 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படம் 6000 பிக்சல் நீளம் இருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுமார் 1600 ஆகச் சுருங்கிவிடுகிறது. நல்ல தரத்தில் அச்சிட அங்குலத்துக்கு 300 பிக்சல் தேவை என்பதால், அந்தப் படம் ஐந்தரை அங்குலத்தைத் தாண்டாது. பாட்டி மணமக்களை ஆசீர்வதிக்கும் படத்தைச் சுவரில் மாட்ட அது போதாது.

பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவின்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். பழைய 1911 பிரிட்டிஷ் சட்டத்தின் வழியில் வந்தது இது. பிரிட்டனே 1988 சட்டத்தில் அதை மாற்றி, உரிமையைப் படம் எடுத்தவருக்குக் கொடுத்துவிட்டது. பிரான்சிலும் எடுத்தவருக்கே உரிமை. பிள்ளைகளின் கல்யாணத்தைப் பாரிஸில் வைக்கும் நம் ஊர்க் குடும்பங்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

உரிமை நம்முடையது என்பதாலேயே ஃபைல் நம் கைக்கு வந்துவிடாது. எத்தனை படம், எந்த அளவில், எந்தத் தேதிக்குள், எதில் பதிந்து தருவார்கள் என்பதைச் சட்டம் சொல்லாது. நாம்தான் எழுதி வாங்க வேண்டும். பில்லின் பின்பக்கத்துப் பொடி எழுத்தையும் படியுங்கள். உரிமை ஸ்டுடியோவுக்கே என்று அங்கே இருந்து, நீங்கள் கையெழுத்தும் போட்டுவிட்டால், 17-ஆம் பிரிவு உங்களுக்குத் துணை வராது. எழுதிக் கொடுத்ததைத் தராமல் இழுத்தடித்தால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம்.

திருத்தி முடித்த படங்கள் அத்தனையும் முழு அளவில் குடும்பத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. ரா ஃபைலுக்கு மட்டும் பிடிவாதம் வேண்டாம். அது வேலை முடியாத படம். அரைகுறையாக வெளியே போனால் எடுத்தவர் பெயர்தான் கெடும். விடியற்காலை முகூர்த்தத்துக்கு மூன்று மணிக்கே எழுந்து வந்து, ஹோமப் புகையில் கண் எரிய நின்று, தாலி முடிச்சு விழும் நேரத்தில் குறுக்கே நீளும் பத்து செல்போன்களுக்கு நடுவே இடம் பிடித்துப் படம் எடுக்கிறார் அந்த மனிதர். நெகட்டிவ் காலத்தில் பிரின்ட் போடப் போட அவருக்கு வருமானம் இருந்தது. இன்று அது இல்லை. ஆகவே ஃபைலுக்கும் சேர்த்து விலை பேசுங்கள், அதில் பேரம் வேண்டாம். நீங்கள் படத்தைப் பகிரும்போது அவர் பெயரைப் போடுங்கள். அதுபோல, மணப்பெண்ணின் படத்தை இன்ஸ்டாகிராமில் போடும் முன் ஸ்டுடியோ அவளைக் கேட்க வேண்டும்.

செயின்ட் லூயி வீதியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு பழைய தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடி டிஜிட்டலாக்கியிருக்கிறார்கள். கடை மூடியதும் நெகட்டிவ்கள் குப்பைக்குப் போய்விடுவதால் வந்த அவசரம் அது. கடை ஒரு தலைமுறையில் மூடிவிடலாம்; படத்தைத் தேடி வருவது பேரப்பிள்ளைகள். அதனால் கிடைத்த ஃபைலை ஒரே பென் டிரைவில் வைத்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் பதிந்து, ஒன்றை வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.

நடுப்பக்கத்தில் மாதிரி ஒப்பந்தம் ஒன்று தந்திருக்கிறோம். வெட்டி எடுத்துப் பயன்படுத்துங்கள். அதில் எந்த வரி உங்கள் தொழிலுக்கு ஒத்து வராது என்பதைப் போட்டோகிராபர் அன்பர்கள் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்