சக்கர நாற்காலி மட்டும் போதாது

பெங்களூரு காக்ஸ் டவுனின் பழைய வீடுகளில், பக்கவாதத்தால் நடை தளர்ந்த பெற்றோரை வாசற்படியே உள்ளே முடக்கிவிடுகிறது.

உதவிக்கு வழி உண்டு. 2017இல் தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தில், மாத வருமானம் 15,000 ரூபாய்க்கு மிகாத, உடல் தளர்ந்த 60 வயது கடந்தோர் வாக்கர், ஊன்றுகோல், சக்கர நாற்காலி ஆகியவற்றை இலவசமாகப் பெறலாம். பொதுத்துறை நிறுவனமான அலிம்கோ முகாம் நடத்தி இவற்றை வழங்குகிறது. பக்கத்து லிங்கராஜபுரத்தில், 1959இல் தொடங்கப்பட்ட ஏ.பி.டி. தொண்டு நிறுவனம் மாற்றுத்திறனாளிகளின் மறுவாழ்வுக்காக உழைக்கிறது.

ஆனால் நாற்காலி வந்தால் போதுமா? ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது சாய்தள விதி. அதன்படி ஆறங்குலப் படிக்கே ஆறடி சாய்தளம் வேண்டும். கழிப்பறைக் கதவு அகல வேண்டும். சுவரில் கைப்பிடி வேண்டும். இந்தச் செலவை வயோஸ்ரீ திட்டம் ஏற்பதில்லை. வாடகை வீடென்றால் உரிமையாளரின் சம்மதமும் தேவை.

கருவிக்கு மத்திய அரசு உதவுவதுபோல், வீட்டு மாற்றத்துக்குக் கர்நாடக அரசு உதவ வேண்டும். வீட்டு உரிமையாளர்களே, கைப்பிடி பொருத்த அனுமதி கேட்டால் மறுக்காதீர்கள். முதுமை எல்லா வீட்டுக்கும் வரும்.