டீவி பேசாமல் போன நாள்



இம்முறை சமையலும் இல்லை, தையலும் இல்லை. வீட்டில் டீவி பழுதானால் என்ன செய்வது என்று எழுதுகிறேன். "இதெல்லாம் ஆம்பிளைகள் பார்க்கும் வேலை" என்று நானும் ஒரு காலத்தில் இருந்தவள்தான்.

வன்னியில் கரண்ட் இல்லாத காலத்தில் என் கணவர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்க வைப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து செய்தி கேட்பேன். எந்த வயர் எங்கே போகிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. 2009இல் அவரை இழந்தேன். முகாமிலிருந்து வெளியே வந்து, பன்விலவில் மாமா வீட்டோடு சேர்ந்தேன். இப்போது மகள் வெளிநாட்டில் வீட்டு வேலை செய்கிறாள். பேரப்பிள்ளைகள் இருவரும் என்னிடம் வளர்கிறார்கள். எங்கள் டீவி அவள் அனுப்பிய காசில் வாங்கியது. பின்பக்கம் பெருத்த பழைய மாதிரிப் பெட்டி.

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. ஏப்ரலில் 'குருகெதர' பாடங்கள் தொலைக்காட்சியில் தொடங்கின. தமிழில் நேத்ரா அலைவரிசையில் வந்தன. எங்கள் லயத்தில் போன் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்காது. ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பேத்திக்கு அந்தப் பெட்டிதான் வகுப்பறை.

ஒருநாள் மழையில் கரண்ட் போய்ப் போய் வந்தது. அதன்பிறகு டீவி வேலை செய்யவில்லை. சிவப்பு லைட்டும் இல்லை. ஊரடங்கு என்பதால் வத்தேகமவுக்குக் கொண்டுபோகவும் வழியில்லை. பேத்தி அழுதாள். நாலு வயதுப் பேரன் ரிமோட்டைப் பிடித்து எல்லாப் பட்டனையும் அழுத்தினான். மாமா, "ஒரு தட்டுத் தட்டு, சரியாகும்" என்றார். நான் தட்டவில்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் டீவியின் ப்ளக்கைக் கழற்றி, அதே இடத்தில் பேத்தியின் மேசை விளக்கைப் போட்டேன். விளக்கு எரிந்தது. அப்படியென்றால் சுவரில் கரண்ட் இருக்கிறது.

அடுத்தது பியூஸ். சதுரக் கால்கள் மூன்று உள்ள ப்ளக்குக்குள் ஒரு சின்ன பியூஸ் இருக்கும். சுவரிலிருந்து ப்ளக்கை முழுதாகக் கழற்றிய பிறகுதான் அதைத் தொட வேண்டும். டீவியின் பியூஸை எடுத்து விளக்கின் ப்ளக்கில் போட்டுப் பார்த்தேன். விளக்கு எரியவில்லை. கள்ளன் அகப்பட்டான்! விளக்கில் இருந்த 3 அம்பியர் பியூஸை டீவிக்குப் போட்டேன். சிவப்பு லைட் வந்தது.

ஸ்திரிக்கைப் பெட்டியின் 13 அம்பியர் பியூஸும் வீட்டில் இருந்தது. அதைப் போடவில்லை. பியூஸ் என்பது காவல்காரன். பழுது வந்தால் தான் எரிந்து வீட்டைக் காப்பான். பெரிய பியூஸ் போட்டால் அது எரியுமுன் வயர் எரியக்கூடும். வெள்ளிக் கடதாசி சுற்றுவது அதைவிட ஆபத்து. புது பியூஸும் உடனே எரிந்தால் பழுது பெட்டிக்குள் இருக்கிறது. திரும்பத் திரும்ப மாற்றக்கூடாது.

லைட் வந்தும் படம் வரவில்லை, வெறும் புள்ளிகள். அது பேரனின் கைவேலை. எங்கள் டீவி டிஷ் பெட்டியோடு சேர்ந்தது, ஏவி என்ற இடத்தில் நிற்க வேண்டும். லைட் வந்ததும் அவன் மறுபடி அழுத்திய அழுத்தில் அது மாறியிருந்தது. ஒரு பட்டன் அழுத்தினேன், படம் வந்தது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் பாதிப் 'பழுது' இதுதான்.

ரிமோட்டில் சந்தேகம் இருந்தால் போன் கமராவை அதன் முனைக்கு நேரே பிடித்துப் பட்டனை அழுத்துங்கள். பெரும்பாலான போன்களில் சின்ன வெளிச்சம் தெரியும். தெரியாவிட்டால் பெற்றரியை மாற்றுங்கள். பழைய பெற்றரியைப் பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சகோதரிகளே, இங்கே ஒரு எல்லை உண்டு. டீவியின் பின் மூடியைக் கழற்றாதீர்கள். பழைய மாதிரிக் கலர் டீவிக்குள் 20,000 வோல்ட்டுக்கு மேல் உண்டாகும். ப்ளக்கைக் கழற்றிய பிறகும் அது உள்ளே தங்கியிருக்கலாம். புகை, கருகிய மணம், உள்ளே தண்ணீர், பிள்ளை காசு போட்டது என்றால் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுத் திருத்துபவரிடம் கொடுங்கள்.

பிள்ளைக்குக் கரண்ட் அடித்தால் கையால் பிடித்து இழுக்காதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். முடியாவிட்டால் காய்ந்த தடியால் விலக்குங்கள். உடனே 1990 அம்புலன்சை அழையுங்கள்.

பழைய டீவி பாரமானது. பிள்ளை பிடித்து ஏறினால் மேலே விழும். பதிவான, அகலமான மேசையில் உள்ளே தள்ளி வையுங்கள். மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் இடி மின்னல் அதிகம். வானம் கறுக்கும்போதே ப்ளக்கையும் அன்டெனா வயரையும் கழற்றிவிடுங்கள். மின்னல் தொடங்கிய பிறகு வயரைத் தொடவேண்டாம்.

அன்று படம் வந்ததும் பேத்தி கொப்பியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். பேரன் மட்டும் கதவுக்குப் பின்னால் நின்றான், அடி விழும் என்று. எனக்கும் கை ஓங்க வந்ததுதான். ஆனால் அவன் என்னைப் பார்த்த பார்வையில் கை இறங்கிவிட்டது. பக்கத்தில் கூப்பிட்டு, "இந்தப் பட்டனை அழுத்தினால் அக்காவின் ரீச்சர் போய்விடுவார்" என்று காட்டினேன். அதன்பிறகு அவன்தான் ரிமோட்டுக்குக் காவல்.

பரீட்சை தள்ளிப்போய் அந்த வருடம் ஒக்டோபர் 11ஆம் திகதி நடந்தது. பேத்தி எழுதினாள்.

இரவு மகள் போனில் பேசியபோது, "யாரம்மா திருத்தியது?" என்று கேட்டாள். "நான்தான்" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்பா இருந்தால் சிரித்திருப்பார்" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

நீங்களும் இன்றைக்கே உங்கள் டீவி ப்ளக்கில் எந்த பியூஸ் இருக்கிறது என்று பாருங்கள். அதேபோல இரண்டு வாங்கி டப்பாவில் வையுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.