முதலில் குணமாகட்டும், அப்புறம் வேலைக்குப் போகட்டுமாம்!

தமிழ் சினிமா காமெடியில் ஒருத்தரை மட்டம் தட்ட "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்ற ஒரே வார்த்தை போதும். தியேட்டரே சிரிக்கும். அதே தியேட்டரில், அதே வரிசையில், ராத்திரி சாப்பிட்டதும் மாத்திரை போட்டுக்கொண்டு காலையில் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிற ஒருத்தர் உட்கார்ந்திருக்கலாம். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். சிரிக்காவிட்டால் ஏன் என்று பக்கத்து சீட்டுக்காரன் கேட்பானே!

மிகைப்படுத்தல் என்று நினைக்க வேண்டாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16ல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருக்கிறது. கணக்கெடுத்த பன்னிரண்டு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே போய்ச் சேரவில்லை என்றும் அதே கணக்கு சொல்கிறது. இவர்கள் எல்லாரும் எங்கே இருக்கிறார்கள்? வங்கி கவுண்டரில், ஜவுளிக்கடையில், சாப்ட்வேர் கம்பெனியில், பள்ளிக்கூட ஸ்டாஃப் ரூமில். வாயைத் திறக்காமல் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஏன் திறப்பதில்லை? திறந்தால் என்ன பதில் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். "அடடா... முதல்ல உடம்பைப் பாருங்க. நல்லா குணமாகிட்டு வாங்க, வேலை எங்க போயிடப் போகுது?"

கேட்க எவ்வளவு பரிவாக இருக்கிறது! ஆனால் மனநோயோடு வாழ்கிறவர்களின் பிழைப்பைக் கெடுத்த வாக்கியங்களில் இதற்கு இணை கிடையாது. ஹெச்.ஆர். சொல்கிறார், மாமா சொல்கிறார், சில நேரம் டாக்டரே சொல்கிறார். மனச்சிதைவு, பைபோலார் போன்ற நோய்கள் ஜுரம் மாதிரி ஒரு வாரத்தில் வந்துவிட்டுப் போகிறவை அல்ல. பலருக்கு வருடக்கணக்கில் மாத்திரை உண்டு. நடுநடுவே நல்ல வருடங்களும் உண்டு, மோசமான மாதங்களும் உண்டு. சர்க்கரை நோயாளியிடம் "முதலில் சர்க்கரை முழுசாகப் போகட்டும், அப்புறம் வேலைக்கு வா" என்று யாராவது சொல்வார்களா? ஆபீஸ் டிராயரில் அவர் மாத்திரை வைத்திருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இதில் ஒரு பெரிய வேடிக்கை என்னவென்றால், இதே குடும்பங்கள்தான் "ஒரு கல்யாணத்தைப் பண்ணி வெச்சா எல்லாம் சரியாயிடும்" என்று பெண் பார்க்கவும் கிளம்புகின்றன. முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் வாழ்க்கையில் நுழைவதற்குக் குணமாக வேண்டியதில்லை. கணக்கு எழுதுகிற வேலைக்குத்தான் முழுசாகக் குணமாக வேண்டுமாம்!

சரி, "முதலில் குணம், பிறகு வேலை" என்பதற்கு ஆதாரமாவது இருக்கிறதா? ஆதாரம் நேர் எதிராக இருக்கிறது. 1990களில் அமெரிக்காவில் ஒரு முறை உருவானது. வருடக்கணக்கில் பயிற்சி கொடுத்து, தேறினால் வேலை தேடலாம் என்ற பழைய வழியை அது தலைகீழாக்கியது. வேலை வேண்டும் என்கிறவருக்கு முதலில் சாதாரண சந்தையில் சம்பளத்தோடு நிஜ வேலை தேடிக்கொடு. பயிற்சியையும் ஆதரவையும் வேலையில் இருக்கும்போதே கொடு. இவ்வளவுதான் முறை.

லண்டன், சூரிச், சோபியா உட்பட ஆறு ஐரோப்பிய நகரங்களில் கடும் மனநோய் உள்ள 312 பேரை இரண்டு குழுக்களாகப் பிரித்து இதைச் சோதித்தார்கள். முடிவு 2007ல் லான்செட் இதழில் வந்தது. புதிய முறையில் உதவி பெற்றவர்களில் 55 சதவீதம் பேர் ஒரு நாளாவது சம்பள வேலை செய்தார்கள். பழைய முறையில் 28 சதவீதம்தான். "ஒரு நாள்" என்பது சின்ன அளவுகோல் என்று சொல்லலாம், சொல்லட்டும். இரண்டு குழுவுக்கும் அதே அளவுகோல்தான். இன்னொன்றையும் கவனியுங்கள். வேலைக்கு அனுப்பினால் நோய் முற்றிவிடும் என்பதுதானே எல்லோருடைய பயம்? வேலை தேடிக்கொடுக்கப்பட்ட குழுவில்தான் மருத்துவமனையில் மறுபடி சேர்ந்தவர்கள் குறைவு!

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. காலையில் எழுந்திருக்க ஒரு காரணம், கையில் சொந்தக் காசு, பெயர் சொல்லிக் கூப்பிட நாலு பேர். இதெல்லாம் மருந்துக் கடையில் விற்பதில்லை. வீட்டிலேயே உட்கார்ந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தால், நோய் இல்லாதவனுக்கே ஆறு மாதத்தில் வந்துவிடும்.

அடுத்து, கிடைத்த வேலையைத் தக்கவைப்பது. இங்கேதான் கதை கந்தலாகிறது. வேலை போவதற்கு நோயே நேரடிக் காரணம் என்பதுதான் பொது நினைப்பு. பல சமயம் நடப்பது வேறு. மாத்திரையால் காலையில் தூக்கம் கலைவதில்லை, அரை மணி லேட். காரணம் சொல்ல முடியாததால் "பஸ் கிடைக்கல" என்று ஒரு பொய். அரசு ஆஸ்பத்திரியில் மாதாமாதம் மாத்திரை வாங்க ஒரு நாள் லீவ் வேண்டும், அதற்குப் பாட்டி செத்துப்போகிறார். மூன்றாவது முறை பாட்டி சாகும்போது மேனேஜருக்குக் கோபம் வரத்தானே செய்யும்? கடைசியில் "பொறுப்பில்லாதவன்" என்று பேர் வாங்கி ராஜினாமா. இன்னும் சிலர் லேட்டாகக் கூடாதே என்று ராத்திரி மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். சில வாரங்களில் நோய் திரும்புகிறது, வேலையும் போகிறது. "பார்த்தீங்களா, அப்பவே சொன்னேனே" என்று அதே மாமா வந்து நிற்கிறார்.

இந்த மொத்த நாடகத்துக்கும் தீர்வு என்ன? ஒன்பது மணிக்குப் பதில் பத்து மணிக்கு வரச் சொல்வது. மாதத்தில் ஒரு நாள் கேள்வி கேட்காமல் லீவ். பைபோலார் உள்ளவருக்கு நைட் ஷிப்டிலிருந்து விலக்கு, ஏனென்றால் தூக்கம் கெடுவதே அந்த நோயைக் கிளப்பிவிடக்கூடும். வாயால் சொல்வதை எழுதியும் கொடுப்பது. இதற்கெல்லாம் எந்தக் கம்பெனியின் பாலன்ஸ் ஷீட்டும் ஆட்டம் காணாது.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1995ம் ஆண்டுச் சட்டம் மனநோயை ஊனம் என்று ஒப்புக்கொண்டது, ஆனால் 3 சதவீத இட ஒதுக்கீட்டில் இடம் தரவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ல் வந்தபிறகுதான் அரசு வேலையில் 4 சதவீதம் ஆகி, அதில் ஒரு சதவீதத்தில் மனநோய்க்கும் பங்கு கிடைத்தது. அந்த ஒரு சதவீதத்தை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, பல்வகைக் குறைபாடு எல்லாம் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு பருக்கையைப் பந்தி போட்டு பரிமாறிய கதை.

அந்தப் பருக்கையை எடுக்க ஒரு சான்றிதழ் வேண்டும். குறைந்தது 40 சதவீதப் பாதிப்பு என்று டாக்டர்கள் கையெழுத்துப் போட வேண்டும். எப்படி அளப்பார்கள்? தன்னைப் பராமரித்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை செய்வது என்ற நான்கு தலைப்பில் மதிப்பெண். எவ்வளவு முடியவில்லையோ அவ்வளவு மார்க். இப்போது அந்த ஆளின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். சான்றிதழ் மேசையில் "என்னால் வேலை செய்ய முடியவில்லை" என்று நிரூபிக்க வேண்டும். இன்டர்வியூ மேசையில் "என்னால் நன்றாக வேலை செய்ய முடியும்" என்று நிரூபிக்க வேண்டும். ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு தேறி வந்தவருக்கு 40 வராமல் போகலாம். தேறியதற்குத் தண்டனை!

டெல்லியில் இதைவிட அதிசயம் நடந்தது. பைபோலார் உள்ள ஒருவர் நீதித்துறைத் தேர்வை எழுதி மாற்றுத்திறனாளிகள் பிரிவில் தேறினார். அவருடைய குறைபாடு நிரந்தரமானதல்ல என்பதைக் காரணமாகக் காட்டி நியமனம் மறுக்கப்பட்டது. குணமாகாதவன் வேலைக்கு லாயக்கில்லை, குணமாகக்கூடியவன் ஒதுக்கீட்டுக்கு லாயக்கில்லை! 2020ல் டெல்லி உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது, 2021ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

அதே 2021 டிசம்பரில் இன்னொரு தீர்ப்பும் வந்தது. எண்ணச் சுழற்சி நோயும் மனச்சோர்வும் உள்ள சி.ஆர்.பி.எஃப். அதிகாரி ஒருவர் மீது 2010ல் வந்த புகாரின் பேரில் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டது. நோயின் விளைவான நடத்தைக்காக ஒருவரைத் தண்டிப்பது மறைமுகப் பாகுபாடு என்றது உச்ச நீதிமன்றம். பாகுபாட்டுக்கு நோய் மட்டுமே காரணம் என்று அவர் நிரூபிக்கத் தேவையில்லை, காரணங்களில் ஒன்றாக இருந்தாலே போதும் என்றும் சொன்னது. துப்பாக்கி தூக்குகிற படையிலேயே இந்த நியாயம் செல்லும் என்றால், கீபோர்டு தட்டுகிற ஆபீசில் செல்லாதா?

செல்லாது என்பதுதான் வயிற்றெரிச்சல். பணியில் இருக்கும்போது குறைபாடு வந்தால் நீக்கக் கூடாது, அந்த வேலைக்கு முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும் என்கிற 20ம் பிரிவு அரசு நிறுவனங்களைத்தான் கட்டுகிறது. தனியார் நிறுவனம் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும், அவ்வளவே. எழுதுகிறார்கள், அழகான ஆங்கிலத்தில், சூரியகாந்திப் பூப் படத்தோடு. படித்து முடிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் போய்ச் சேருவது தனியாரிடம்தானே? அங்கே அவர்களுக்கு இருப்பது மேனேஜரின் மனசு மட்டும்.

இனி மறுப்புகள். "திடீர்னு ஏதாவது பண்ணிட்டா?" என்கிறார்கள். பயத்தை விதைத்தது சினிமா. மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் அடிப்பதில்லை, அடி வாங்குகிற பக்கம்தான் அதிகம் நிற்கிறார்கள். "அவர் வேலையை நாங்க ஏன் சுமக்கணும்?" என்கிறார்கள் சக ஊழியர்கள். நியாயமான கேள்விதான், ஆனால் கேட்க வேண்டிய இடம் நிர்வாகம். பிரசவ விடுப்புக்கும் கால் முறிவுக்கும் மாற்று ஆள் போடத் தெரிந்த கம்பெனிக்கு இதற்கு மட்டும் தெரியாதா? "லாபம் என்ன?" என்று முதலாளி கேட்டால் அதற்கும் கணக்கு இருக்கிறது. மனச்சோர்வாலும் பதற்ற நோயாலும் உலகம் ஆண்டுக்கு 1,200 கோடி வேலை நாட்களை இழக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. ஒளித்து வைப்பதற்கு ஆகும் செலவும் அதில் இருக்கிறது.

ஆகவே செய்ய வேண்டியது பெரிய புரட்சியெல்லாம் இல்லை. 20ம் பிரிவின் பாதுகாப்பைத் தனியாருக்கும் நீட்ட வேண்டும். வேலை செய்ய முடிந்தவரைத் தண்டிக்காத ஒரு சான்றிதழ் முறை வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தில் மாத்திரை கொடுப்பதோடு வேலை தேடிக்கொடுக்கவும் ஒரு ஆள் வேண்டும். இவை அரசு செய்ய வேண்டியவை.

மற்றது வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் செய்ய வேண்டியது. இன்றைக்கு கடைசி பெஞ்சில் "மெண்டல்" என்று பட்டப்பெயர் வைக்கிறவர்கள்தான் இன்னும் எட்டு வருடத்தில் டீம் லீடர்கள். அவர்கள் முன்னால் ஒருத்தர் லீவ் லெட்டரோடு வந்து தயங்கித் தயங்கி நிற்பார். அப்போது "குணமாகிட்டு வாங்க" என்று அனுப்பிவிடாமல் "எத்தனை மணிக்கு வந்தா உங்களுக்கு வசதி?" என்று கேட்டால், ஒரு பாட்டியாவது சாகாமல் பிழைப்பார்.