பேரன் பெயர் ஒத்துப்போனால் போதுமா?

கேள்வி: "கொள்ளிடக் கரையோரம் ஒன்றரை ஏக்கரில் நெல் நடுகிறோம். பட்டா, காலமான என் மாமனார் பெயரில் இருக்கிறது. கணவரும் இரண்டு வருடம் முன்பு தவறிவிட்டார். விவசாயி அடையாள எண் வாங்கப் போனால், 'பட்டா உங்கள் பெயரில் இல்லை' என்கிறார்கள். மகனுக்குத் தாத்தா பெயரைத்தான் வைத்திருக்கிறோம். அவன் ஆதாரைக் கொடுத்துப் பதிந்துவிடலாம் என்கிறார் ஒருவர். செய்யலாமா?"

- ஒரு வாசகி, தா.பழூர்

பதில்: செய்ய வேண்டாம். பெயர் ஒன்றாக இருந்தாலும் ஆள் வேறு. பேரனின் ஆதாரில் தந்தை பெயர் வேறாக இருக்கும். கிராம நிர்வாக அலுவலர் சரிபார்க்கும்போது அது தெரிந்துவிடும். தெரியாமல் பதிவாகிவிட்டாலும் ஆபத்துதான். மாமனாருக்கு வேறு பிள்ளைகள் இருந்தால், அவர்கள் பங்கையும் ஒருவர் பெயரில் காட்டியதாகிவிடும். நாளைக்கு அது குடும்பத்தில் வழக்காக வந்து நிற்கும்.

இந்த எண் எதற்கு என்று புரிந்துகொண்டால் குழப்பம் தீரும். ஆதார், 12 இலக்க எண். 2010 செப்டம்பர் 29-ல் மகாராஷ்டிராவின் நந்துர்பார் மாவட்டத்தில் முதன்முதலாக வழங்கப்பட்டது. 'இவர் இன்னார்' என்று மட்டுமே அது சொல்லும். இன்னாருக்கு இவ்வளவு நிலம் என்று சொல்வது பட்டா. 'வேளாண் அடுக்கு' திட்டத்தில் தரப்படும் 11 இலக்க விவசாயி அடையாள எண், இந்த இரண்டையும் இணைக்கிறது. அது யாரையும் நிலத்துக்குச் சொந்தக்காரர் ஆக்காது. பட்டாவில் இல்லாத பெயரை அதனால் கொண்டுவரவும் முடியாது.

ஆகவே, இந்தச் சகோதரி முதலில் பட்டாவைச் சரிசெய்ய வேண்டும். மாமனார், கணவர் இருவருடைய இறப்புச் சான்றுகளையும் எடுத்துவைத்து, இருவருக்கும் தனித்தனியே வாரிசுச் சான்று பெற வேண்டும். இதற்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், உடையார்பாளையம் வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகும். பிறகு பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பாகப்பிரிவினை ஆகாத நிலம் என்றால், வாரிசுகள் அனைவர் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக வரும். அதுவே போதும். கூட்டுப் பட்டாவில் உள்ள ஒவ்வொருவரும் தம் ஆதாரைக் கொண்டு தனித்தனியே பதியலாம். ஒன்றரை ஏக்கரைப் பிரித்து அளந்து, தனிப் பட்டா வாங்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பட்டா மாறி வருவதற்குள் ஆதாரிலும் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும். ஆதாரில் உள்ள பெயரும் இன்ஷியலும் புதிய பட்டாவில் அப்படியே வரவேண்டும். விண்ணப்பிக்கும்போதே எழுத்துக்கூட்டிச் சரிபார்ப்பது நல்லது. அடுத்தது கைபேசி எண். கணவரின் எண்ணே ஆதாரில் இருந்து, அந்த சிம் இப்போது செயல்படாமல் இருந்தால், ஓ.டி.பி. வராது. ஆதார் மையத்திலோ தபால்காரர் மூலமோ கட்டணம் செலுத்தி எண்ணை மாற்றிக்கொள்ளலாம். நாற்றுப் பறித்துக் களையெடுத்துத் தேய்ந்த விரலில் ரேகை சரியாகப் பதியாதவர்களுக்கு, இந்த ஓ.டி.பி.தான் கைகொடுக்கும்.

இவ்வளவு அலைய வேண்டுமா என்று தோன்றலாம். ஆண்டுக்கு 3 தவணையாக 6,000 ரூபாய் தரும் பி.எம்.கிசான் திட்டத்துக்கு இந்த எண்ணைக் கேட்கிறார்கள். அத்திட்டத்தில் 1.2.2019-க்குப் பிறகு நிலம் வாங்கியவர்கள் சேர முடியாது. ஆனால், உடையவர் இறந்து வாரிசாக நிலம் வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. மற்ற தகுதிகள் இருந்தால், பட்டா மாறியதும் இவர் புதிதாக விண்ணப்பிக்கலாம். பணத்தைவிடப் பெரியது, இத்தனை வருடம் உழைத்த நிலத்தின் பதிவேட்டில் இவர் பெயரும் ஏறுவது.

அதுவரை, ஒவ்வொரு போகத்துக்கும் சாகுபடி செய்வது யார் என்பதை கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி, அடங்கலில் சரியாகப் பதிவாகும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

கவனிக்க: விவசாயி அடையாள எண் பதிவு இலவசம். பதிவு செய்யும் இடத்தில் நேரில் இருக்கும்போது மட்டும் ஓ.டி.பி.யைச் சொல்லலாம். போனில் கேட்பவர் யாராக இருந்தாலும் சொல்லக் கூடாது. ஆதார் சந்தேகங்களுக்கு 1947 என்ற எண்ணை அழைக்கலாம்.