வீட்டைக் காட்டத் தெரியாதவர்கள்

வீடு புகும் திகில் படம் தமிழ்ப் பார்வையாளருக்கு ஒத்துவராது என்று ஒரு தீர்ப்பு வந்திருக்கிறது. எழுதியவர் நண்பர்தான், பெயர் வேண்டாம். பள்ளிக்கரணைக்காரர். இருநூறு அடிச் சாலைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். சிற்றிதழ் ஒன்றில் அவர் எழுதியிருப்பதன் சாரம் இது: 2019இல் ‘கொலையுதிர் காலம்’ படுத்ததற்கும், ‘தி ஸ்ட்ரேஞ்சர்ஸ்’ படத்தை ரீபூட் செய்கிறேன் என்று கிளம்பிய புது வரிசை திட்டு வாங்கியதற்கும் எடுத்தவர்கள் காரணமில்லையாம், பார்த்தவர்கள்தான் காரணமாம். ரசிகர்கள் பழைய படங்களைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்கிறார். கொலைகாரனுக்கு ஒரு முன்கதை கொடுப்பது நம் கதைமரபு, அதைக் குறை சொல்வது மேல்நாட்டு மோஸ்தர் என்கிறார். கடைசியாக, நம் ஊரில் எந்த வீடும் தனியாக இல்லை, ஒரு குரல் கொடுத்தால் பக்கத்து வீடு ஓடிவரும், ஆகவே நமக்குப் பேய்ப்பயம் உண்டு, ஆள்பயம் கிடையாது என்கிறார்.

கடைசியில் சொன்னதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அதை எழுதும்போது நண்பர் தன் வாசல் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்திருக்கலாம்.

பள்ளிக்கரணையில் எந்த வீடு தனியாக இல்லை? ராம்சர் ஈரநிலப் பட்டியலில் 2022இல் சேர்ந்த சதுப்புநிலத்தின் ஓரத்தை விழுங்கித்தான் நம் மனைகள் எழுந்தன. ஜல்லடியன்பேட்டை, சித்தாலப்பாக்கம் உள்தெருக்களில் இன்றைக்கும் ஒரு வீடு, அதைச் சுற்றிக் காலி மனைகள், இடையே சீமைக்கருவேலம், மழை பெய்தால் முழங்கால் தண்ணீர், கரன்ட் போனால் நாய்க்குரைப்பு மட்டும். அடுக்ககம் பாதுகாப்பு என்பவர்கள் ஒரு வேலைநாளில் பகல் பதினொரு மணிக்கு மூன்றாவது மாடியில் நின்று பார்க்கட்டும். நான்கு கதவில் மூன்று பூட்டியிருக்கும். அந்த வீட்டுக்காரர்கள் ஓ.எம்.ஆரில் இருப்பார்கள். நான்காவது கதவுக்குப் பின்னால் ஒரு அம்மா தனியாக இருப்பார், பிள்ளைகள் டல்லாஸிலோ டொரன்டோவிலோ. அவர் குரல் கொடுத்தால் ஓடிவரக்கூடியவர் பார்சல் கொண்டுவந்த பையன் ஒருவன்தான். அவன் யார் என்பதும் அவருக்குத் தெரியாது.

அந்தக் கதவையும் பாருங்கள். வெளியே இரும்புக் கிரில், அதில் ஒரு பூட்டு. உள்ளே மரக்கதவு, அதில் லென்ஸ், சங்கிலி, மேலும் கீழும் தாழ்ப்பாள். பால்கனிக்குக் கம்பி வலை. கீழே வாட்ச்மேன், கேமரா, வருகிறவனின் போட்டோ போனுக்கு வருகிற ஆப். ஆள்பயம் இல்லாத ஊரில் இவ்வளவு இரும்பு எதற்கு? தாம்பரத்துக்கென்று தனிக் காவல் ஆணையரகம் 2022 ஜனவரியில் திறந்தார்கள், அதில் பள்ளிக்கரணை ஒரு காவல் மாவட்டம். பேய் பிடிக்கவா?

புறநகரோடு நின்றுவிடவும் இல்லை. 2024 நவம்பரில் பல்லடம் அருகே ஒரு தோட்டத்து வீட்டில் தாய், தந்தை, மகன் மூவரையும் வீடு புகுந்து கொன்றார்கள். அடுத்த ஆண்டு சிவகிரிப் பக்கம் இன்னொரு தோட்டத்து வீட்டில் ஒரு முதிய தம்பதி. கொங்கு நாட்டில் தோட்டத்தில் தங்கியிருந்த வயதானவர்கள் எத்தனை பேர் அந்த மாதங்களில் கதவை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுப் படுத்தார்கள் என்று அந்தப் பக்கத்து உறவுக்காரர் யாரையாவது கேட்டால் சொல்வார்கள். அதற்கும் முன்னால் பவாரியா கொள்ளைக் கும்பல். 2005 ஜனவரியில் கும்மிடிப்பூண்டி எம்.எல்.ஏ. சுதர்சனத்தையே பெரியபாளையம் அருகே அவர் வீட்டில் புகுந்து சுட்டுக் கொன்றது அது. ஒரு எம்.எல்.ஏ. வீட்டுக்கே பக்கத்து வீடு ஓடிவந்து காப்பாற்ற முடியாமல் போனது.

அந்தக் கும்பலைப் பிடித்த கதையை வைத்து 2017இல் எச். வினோத் எடுத்த ‘தீரன் அதிகாரம் ஒன்று’ ஓடியதா இல்லையா? அது போலீஸ் படம் என்று நண்பர் சொல்லக்கூடும். சரி. ஆனால் நெடுஞ்சாலை ஓரத்து வீட்டில் ராத்திரி கதவு உடைகிற காட்சிகள்தான் அந்தப் படத்தைத் தூக்கி நிறுத்தின. முன்கதை வேண்டும் என்பதற்கும் அவர் இதே படத்தைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவார். கும்பலின் பூர்வீகத்தையே படம் நடுவில் விரிவாகச் சொல்கிறதே என்பார். அங்கே கதையை நடத்துகிறவன் போலீஸ்காரன். யார், எங்கிருந்து, ஏன் என்று தேடுவது அவன் வேலை, அதனால் பதில் தேவைப்படுகிறது. கதவுக்கு உள்ளே நிற்கிறவளுக்கு அந்தப் பதிலால் ஒரு பிரயோஜனமும் இல்லை. (ஒரு சமூகத்தையே பிறவிக் குற்றவாளியாகக் காட்டிய அந்தப் பூர்வீகப் பகுதிதான் படத்திலேயே மோசமான பகுதி. 1871இன் குற்றப்பரம்பரைச் சட்டத்தின் வாடை அதில் அடிக்கிறது. அது வேறு சண்டை.)

முன்கதை விஷயத்துக்கு வருகிறேன், நண்பர் அதிகம் சறுக்குவது இங்கேதான். 2008இல் பிரையன் பெர்டினோ எடுத்த ‘தி ஸ்ட்ரேஞ்சர்ஸ்’ படத்தின் விதை அவர் சிறுவயதில் நடந்த ஒரு சின்னச் சம்பவம். யாரோ கதவைத் தட்டி, அங்கே இல்லாத ஒருவரின் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். அதே தெருவில் கதவு திறக்காத வீடுகளில் அவர்கள் புகுந்து திருடியது பிறகுதான் தெரிந்திருக்கிறது. படத்திலும் அவ்வளவுதான். கல்யாண வரவேற்பு முடிந்து ஒரு ஜோடி விடியற்காலையில் வீட்டுக்கு வருகிறது. அவன் கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறான், அவள் முடியாது என்று சொல்லியிருக்கிறாள். வீட்டிலோ முன்கூட்டியே தூவப்பட்டிருந்த ரோஜா இதழ்கள். யாரும் உள்ளே வருவதற்கு முன்பே அந்த வீட்டில் இருக்க முடியவில்லை. அந்த நேரத்தில்தான் கதவு தட்டப்படுகிறது. பிறகு ஒரு காட்சி. அவள் முன்னால் நிற்கிறாள், பின்னால் இருட்டில் முகமூடி அணிந்த ஒருவன் சும்மா நின்றுகொண்டிருக்கிறான். திடுக்கிட வைக்கும் இசை கிடையாது. நமக்குத் தெரிகிறது, அவளுக்குத் தெரியவில்லை. ஏன் எங்களை என்று கடைசியில் கேட்கும்போது, நீங்கள் வீட்டில் இருந்தீர்கள் என்பதற்கு மேல் அவர்களிடம் பதில் இல்லை.

ரென்னி ஹார்லின் இதையே மூன்று பாகமாக எடுக்கக் கிளம்பினார், முதல் பாகம் 2024இல் வந்தது. ஸ்லோவாக்கியாவில் மூன்றையும் சேர்த்தே படம்பிடித்தார்கள். அதில் வரும் ஜோடிக்கு மனத்தாங்கலே இல்லை. ஐந்தாம் ஆண்டைக் கொண்டாட ஊர் சுற்றக் கிளம்பியவர்கள், கார் மக்கர் செய்ததால் வாடகை வீட்டில் தங்குகிறார்கள். அது அவர்கள் வீடே இல்லை. புகுந்தால் எதை இழக்கப்போகிறார்கள்? உயிரை மட்டும். அதை எல்லாத் திகில் படத்திலும்தான் இழக்கிறார்கள். 2025இல் வந்த இரண்டாம் பாகம் அந்த வாடகை வீட்டையும் விட்டுவிட்டு ஆஸ்பத்திரி, காடு என்று ஓடுகிறது. நடுவில் கம்ப்யூட்டரில் செய்த காட்டுப்பன்றி ஒன்று நாயகியை முட்டுகிறது. முகமூடிப் பெண் ஒருத்தியின் பள்ளிப்பருவத்தைத் தோண்டி எடுத்து, இதனால்தான் இவள் இப்படி ஆனாள் என்று விளக்கமும் தருகிறார்கள். நண்பர் இதைத்தான் கதைமரபு என்று மெச்சுகிறார். சின்ன வயதில் கெட்டுப்போனவள் என்று தெரிந்துகொண்டபிறகு, நாளை ராத்திரி காலிங் பெல் அடித்தால் எனக்கு என்ன பயம்? அவள் அமெரிக்காவில் எங்கோ இருக்கிறாள், அவள் கதை அவளுக்கு. காரணம் இல்லாதவன்தான் என் வாசலுக்கும் வர முடியும்.

‘கொலையுதிர் காலம்’ செய்ததும் அதே காரியம், இன்னும் மட்டமாக. மைக் ஃபிளானகன் 2016இல் எடுத்த ‘ஹஷ்’தான் அதன் மூலம். காது கேளாத, வாய் பேசாத எழுத்தாளர் ஒருத்தி. காட்டை ஒட்டிய வீடு, சுற்றிலும் கண்ணாடிக் கதவுகள். வெளியே ஒருவன். அவளுடைய போனையே எடுத்து, வெளியிலிருந்து அவளையே படமெடுத்து, அவள் லேப்டாப்புக்கே அனுப்புகிறான். உன் முகத்தை நான் பார்க்கவில்லை, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவள் கண்ணாடியில் எழுதிக் காட்டுகிறாள். அவன் நிதானமாக முகமூடியைக் கழற்றிவிடுகிறான். எண்பது நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடுகிற படம். அது முடியும்போது எந்தக் கதவு எங்கே திறக்கும், கூரைக்கு எப்படி ஏறலாம், புகை அலாரம் எங்கே மாட்டியிருக்கிறது எல்லாம் நமக்குப் பாடம். அவன் யார், ஏன் வந்தான்? கடைசிவரை தெரியாது.

இந்தக் கதையைக் கையில் எடுத்தவர் சக்ரி டோலட்டி. இந்தியில் ‘எ வெட்னஸ்டே’ வந்த மறு ஆண்டே அதை ‘உன்னைப்போல் ஒருவன்’ ஆக்கியவர், ரீமேக் என்றால் என்ன என்று தெரியாதவர் இல்லை. அவர் தமிழுக்கு நயன்தாராவையும் இந்தியில் ‘காமோஷி’க்குத் தமன்னாவையும் வைத்து ஒரே ஆண்டில் இரண்டு முறை அதே கதையைத் திரைக்குக் கொண்டுவந்தார், இரண்டு முறையும் தோற்றார். எழுத்தாளர் போய்ச் சொத்துக்கு வாரிசு வந்தாள். காட்டு வீடு போய் இங்கிலாந்தில் ஒரு மாளிகை வந்தது. காரணம் இல்லாத கொலைக்குப் பதில் சொத்துக்காகக் கொலை. சொத்துத் தகராறு நம் மண்ணின் பயம்தானே என்கிறார் நண்பர். மண்ணின் பயத்தை இங்கிலாந்து மாளிகையில் கொண்டுபோய் வைத்தது ஏன் என்று அவர் கேட்கவில்லை. மேடவாக்கத்தில் பங்காளிச் சண்டையில் பூட்டிக்கிடக்கும் ஒரு ஓட்டு வீட்டில் இந்தக் கதையை வைத்திருந்தால்கூட ஒரு நியாயம் இருந்திருக்கும். அந்த மாளிகையில் எத்தனை அறை, படிக்கட்டு எங்கே இறங்குகிறது, சமையலறைக்கு எத்தனை வாசல் என்று படம் பார்த்துவிட்டு வந்த யாராலும் சொல்ல முடியாது. ஓடுகிறாள், ஒளிகிறாள் என்றால் எங்கிருந்து எங்கே என்று தெரிய வேண்டாமா? தெரியாதபோது அவளோடு சேர்ந்து நாம் ஒளிவது எப்படி? தலைப்புக்குச் சுஜாதா, கதைக்கு ஃபிளானகன். தலைப்பு யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனதில், ஜூனில் வரவேண்டிய படம் ஆகஸ்ட் 9 அன்றுதான் வந்தது. தாமதத்தால் தோற்றது என்று யாரும் இன்னும் சொல்லவில்லை. நண்பர் அடுத்த கட்டுரையில் சொல்லிவிடுவார்.

அவருடைய வாதத்தை முடித்துவைக்கிற தேதி ஒன்று இருக்கிறது, அவர் கட்டுரையில் அது எங்கும் இல்லை. 2019 ஜூன் 14. ‘காமோஷி’ வெளியான அதே நாளில் அஸ்வின் சரவணனின் ‘கேம் ஓவர்’ தமிழிலும் தெலுங்கிலும் வந்தது. அதுவும் வீடு புகும் படம்தான். காமெடி டிராக் இல்லை, டூயட் இல்லை, நட்சத்திர நாயகன் இல்லை. டாப்ஸி கால்கள் உடைந்து சக்கர நாற்காலியில் இருக்கிறார், இருட்டைக் கண்டால் அவருக்கு மூச்சு முட்டும். உடன் இருப்பவர் கலாம்மா ஒருவர்தான், வினோதினி வைத்தியநாதன் அந்த வேடத்தில் நம் வீட்டுக்கு வந்துபோகிற ஒரு அக்காவாகவே இருந்தார். முகமூடி அணிந்து வருகிறவர்கள் யார், எதற்கு வந்தார்கள் என்று படம் மூச்சுவிடவில்லை. வீடியோ கேம் போல நாயகிக்கு மூன்று உயிர். ஒவ்வொரு உயிர் போகும்போதும் எவன் எந்தப் பக்கத்திலிருந்து வருவான் என்று அவளும் கற்றுக்கொள்கிறாள், நாமும் கற்றுக்கொள்கிறோம். வீட்டைக் கற்றுக்கொண்டுதான் அவள் தப்பிக்கிறாள். தமிழ்ப் பார்வையாளர் என்ன செய்தார்? பார்த்தார், பயந்தார், பாராட்டினார். எந்தப் பார்வையாளருக்கு இந்த வகைப் படம் ஒத்துவராது என்கிறாரோ, அதே ஆள்தான்.

பழையதைக் கட்டி அழுகிறோம் என்ற குற்றச்சாட்டுக்கு அதிகம் செலவழிக்க வேண்டியதில்லை. 2020இல் லீ வானல் ‘தி இன்விசிபிள் மேன்’ கதையை மறுபடி எடுத்தார். காதலியை ஆட்டிவைத்த காதலன், கண்ணுக்குத் தெரியாமல் அவள் தங்கியிருக்கும் வீட்டுக்குள் நடமாடுகிறான். கேமரா காலி மூலை ஒன்றைக் காட்டிவிட்டுப் பேசாமல் நிற்கும், அந்த மூலையையே நாம் வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்போம். உலகமே கொண்டாடியது, பழையதே போதும் என்று யாரும் கல்லெறியவில்லை. இயக்குநர் ஹானெகே தன் ‘ஃபன்னி கேம்ஸ்’ படத்தைத் தானே ஷாட் மாறாமல் ஆங்கிலத்தில் எடுத்தாரே என்றும் நண்பர் கேட்கிறார். எடுத்தார். 1997இல் ஜெர்மனில் சொன்னதை அமெரிக்கர்கள் காதில் போட வேண்டும் என்பதற்காக எடுத்தார், கொலைகாரர்களின் குழந்தைப்பருவம் என்று ஒரு காட்சியைக்கூட அதில் நுழைக்கவில்லை. அந்த உதாரணம் நண்பருக்கு எதிராகத்தான் சாட்சி சொல்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு அவர் தயாரிப்பாளர்களுக்கு ஒரு யோசனையும் சொல்கிறார்: இந்த வகையை விட்டுவிட்டு மறுபடி பேய்க்குத் திரும்புங்கள். பத்துப் பதினைந்து வருடமாக அரண்மனை, பங்களா, வெள்ளைப்புடவை என்று சுற்றிச் சுற்றி வந்தும் போதவில்லை போலும். பேய்ப்படத்துக்கு வாடகைக்கு ஒரு பங்களா எடுத்தால் போதும். இதற்கு வீடு வேண்டும், அந்த வீட்டில் எவருடைய செருப்பு எங்கே கிடக்கும் என்று தெரிந்த இயக்குநர் வேண்டும். பள்ளிக்கரணையில் இரண்டு படுக்கையறை வீடு, ஹாலிலிருந்து ஐந்தாறு எட்டு வைத்தால் வாசல், இன்வெர்ட்டரும் இறங்கிப்போன மழை ராத்திரி, லென்ஸில் கண்ணை வைத்தால் அந்தப் பக்கமும் யாரோ கண்ணை வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்துக்கு டிக்கெட் போட வேண்டாம். இதை இன்னும் யாரும் எடுக்கவில்லை. எடுக்காதவர்களை விட்டுவிட்டுப் பார்க்காதவர்களைத் திட்டுகிறார் நண்பர்.

‘கொலையுதிர் காலம்’ தோற்றது தமிழருக்கு ஆள்பயம் இல்லாததால் அல்ல. பயமுறுத்தத் தெரியாதவர்கள் எடுத்ததால் தோற்றது.