இரட்டைக் குதிரைச் சவாரி

1998 டிசம்பர் 10. ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையத்தில் மேகம் தாழ்ந்து கிடந்தது. கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர்களுக்கு ஓடுபாதை தெரியவில்லை. புறப்பட அனுமதி பெற்ற டெல்டா நிறுவனத்தின் போயிங் 767 வேகமெடுத்தது. அதே பாதையின் குறுக்கே இழுவை வண்டியொன்று ஜம்போ விமானத்தை இழுத்துச் சென்றுகொண்டிருந்தது. விமானிகள் அதைப் பார்த்துவிட்டு பிரேக் போட்டதால் ஒருவருக்கும் காயமில்லை.

அனுமதி கொடுத்தவர் பணியிடைப் பயிற்சியில் இருந்தவர். அதைக் குறை சொல்ல முடியாது. நிஜ விமானங்களைக் கையாளாமல் இந்த வேலை முழுதாகக் கைவராது. அதற்காகத்தான் பக்கத்தில் பயிற்றுநர் ஒருவர் ஹெட்செட் மாட்டி உட்காருகிறார். ஆபத்தென்றால் அவரே குறுக்கிட்டுப் பேசலாம். ஸ்கிபோலில் அந்தப் பயிற்றுநர்தான் கோபுரத்தின் மேற்பார்வையாளரும்கூட! போதாததற்கு, இழுவை வண்டி எந்தப் பக்கமிருந்து கடக்கிறது என்பதில் குழப்பம். நிறுத்து விளக்குகளை இயக்கும் புதிய பலகையோ அதைத் தெளிவாக்கவில்லை.

கோபுரத்தில் இருந்த கட்டுப்பாட்டாளர்கள் மூன்று பேர்மீது வழக்கு பாய்ந்தது. மேல்முறையீட்டில் மூவரும் குற்றவாளிகள் என்ற நீதிமன்றம், தண்டனை எதுவும் விதிக்கவில்லை. ஆனால் தங்கள் தவறுகளைத் தாங்களே எழுதித் தந்துவந்த கட்டுப்பாட்டாளர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அத்தகைய அறிக்கைகள் வெகுவாகச் சரிந்தன.

வழக்குத் தொடுத்தவர்கள் தண்டனையைவிட எளிய ஒன்றைக் கேட்டிருக்கலாம்: பயிற்றுநராக அமர்பவருக்கு அந்த நேரத்தில் வேறு எந்தப் பொறுப்பும் தரக் கூடாது. ஆள் பற்றாக்குறை இதற்குச் சாக்கல்ல. மாற்று ஆள் இல்லையென்றால் அன்றைய பயிற்சியைத் தள்ளிவைக்க வேண்டியதுதான்.