கூலி உயர்ந்த ஊரும் குடியிருக்க வீடும்

மூணாற்றிலிருந்து அன்பர் ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். அவருடைய தம்பி உடுமலைப்பேட்டையில் பதினைந்து ஆண்டுகளாக எலக்ட்ரீஷியன் வேலை செய்பவர். வீட்டு வயரிங்கும் மோட்டார் பழுது பார்ப்பதும் நன்கு கைவந்தவர். அவருக்கு இப்போது இரண்டு இடங்களிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. ஒன்று, பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் ஒரு காண்ட்ராக்டரிடம் நாட்கூலி. மற்றொன்று, மூணாற்றில் ஒரு தங்கும் விடுதியில் மாதச் சம்பளம். மனைவி, பள்ளி செல்லும் இரு குழந்தைகள், வயது முதிர்ந்த தாயார் ஆகியோர் அவருடைய பொறுப்பில் இருக்கிறார்கள். ‘தம்பி வீட்டைக் காலி செய்துகொண்டு குடும்பத்தோடு வந்துவிடலாமா? தங்கள் யோசனை என்ன?’ என்று அண்ணன் கேட்கிறார்.

இதே கேள்வியை வெவ்வேறு வடிவில் நம் அன்பர்கள் பலர் கேட்டு வருகிறார்கள். ஆகவே இம்மாதம் இப்பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்குகிறோம்.

கேரளத்தில் கூலி உயர்வு என்பது வெறும் பேச்சன்று. ரிசர்வ் வங்கி வெளியிட்ட புள்ளிவிவரப்படி, 2021-22ஆம் ஆண்டில் கிராமப்புறக் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாட்கூலி கேரளத்தில் 837 ரூபாய் 70 காசு. தமிழ்நாட்டில் 478 ரூபாய் 60 காசு. அகில இந்திய சராசரியோ 373 ரூபாய் 30 காசுதான். ஆனால் இது கட்டுமானத் தொழிலாளர் அனைவருக்குமான பொதுக் கணக்கு. எலக்ட்ரீஷியனுக்கென்று தனி எண் அதில் இல்லை. தேர்ந்த கைவேலைக்காரர் தம் ஊரிலேயே பொதுக் கூலியைவிட அதிகம் பெறுகிறவர். ஆதலால் அவருக்குக் கிடைக்கும் லாபம் அப்பட்டியலில் தெரிகிற அளவுக்கு இருக்கும் என்று நம்பி மூட்டை கட்டலாகாது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் பெரியோர் வாக்கு. நாமும் அளந்து பார்ப்போம். கீழே வரும் எண்கள் கணக்கு விளங்குவதற்காக நாம் வைத்துக்கொண்டவை. அவரவர் தம் எண்களை இட்டுப் பார்த்துக்கொள்க.

உடுமலையில் நாளொன்றுக்கு 800 ரூபாய், மாதம் 22 நாள் வேலை என்றால் வரவு 17,600 ரூபாய். கஞ்சிக்கோட்டில் நாளொன்றுக்கு 1,100 ரூபாய் என்றால் அதே 22 நாளுக்கு 24,200 ரூபாய். கூடுதல் வரவு 6,600 ரூபாய். இந்த 6,600இல் என்ன மிஞ்சும் என்பதே கேள்வி.

முதல் வழி, குடும்பத்தோடு கஞ்சிக்கோட்டில் குடியேறுவது. உடுமலையில் வீட்டு வாடகை 4,000, இங்கே 7,000 என்றால், அதில் 3,000 போயிற்று. அரிசிக்கும் மின் கட்டணத்துக்கும் 900, குழந்தைகளின் பள்ளிச் செலவுக்கு 700, ஊருக்குப் போய்வரவும் தாயாரின் பராமரிப்புக்கும் 1,000 எனக் கூட்டினால் மொத்தம் 5,600. மிச்சம் 1,000 ரூபாய். வீட்டுக்காரர் ஐந்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்டால் 35,000 வேண்டும். அதை இரண்டு வட்டிக்குக் கடன் வாங்கினால் மாதம் 700 வட்டி. ஆக, மிச்சம் 300 ரூபாய்! சாமான் ஏற்றிவரும் லாரிக்கூலியை இக்கணக்கில் நாம் சேர்க்கவே இல்லை.

அரிசியையும் மின்சாரத்தையும் ஏன் தனியே குறித்தோம் என்று நம் சகோதரிகள் கேட்கலாம். தமிழ்நாட்டில் 2011 முதல் ரேஷன் அரிசி இலவசம். 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரமும் இலவசம். எல்லை தாண்டிக் குடியேறினால் அந்த 100 யூனிட் கூடவே வருவதில்லை. ரேஷன் அட்டையிலும் ஒரு நுட்பம் உண்டு. ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. எனினும் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி முன்னுரிமைக் குடும்பம், அந்தியோதயக் குடும்பம் எனப் பதிவான அட்டைகளுக்குத்தான் வெளிமாநிலத்தில் அரிசி கிடைக்கும். முன்னுரிமையற்ற அட்டைக்கு அந்த வசதி இல்லை. புறப்படுமுன் அட்டையின் முகப்பில் என்ன குறித்திருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நலம்.

இரண்டாம் வழி, குடும்பத்தை ஊரில் விட்டுத் தாம் மட்டும் வருவது. நால்வர் சேர்ந்து எடுத்த அறையில் தம் பங்கு 1,500, வெளிச் சாப்பாடு 4,500, வாரந்தோறும் ஊருக்குப் போய்வர 800. வீட்டில் ஒருவர் சாப்பாடு குறைவதால் 2,000 மிஞ்சும். அதைக் கழித்தால் செலவு 4,800, மிச்சம் 1,800. கஞ்சிக்கோட்டில் கேரள அரசின் முயற்சியால் வெளிமாநில ஆண் தொழிலாளர் 620 பேர் தங்கத்தக்க ‘அப்னா கர்’ என்னும் விடுதி 2019இல் திறக்கப்பட்டது. அதில் இடம் உண்டா என்பதையும் வேலைக்கு அழைப்பவரிடம் விசாரிக்கலாம்.

மூன்றாம் வழி ஒன்று உண்டு. எல்லையோரத்தில் வாழும் நமக்கு மட்டுமே வாய்த்த வழி அது. கூலி மாநிலத்தைப் பொறுத்தது. வாடகை ஊரைப் பொறுத்தது. வாளையாற்றுக்கு இப்பால், கோவை மாவட்டத்து எட்டிமடைப் பக்கத்தில் வீடு பார்த்துக்கொண்டு, பயணிகள் ரயிலில் சீசன் டிக்கட் எடுத்துக் கஞ்சிக்கோட்டுக்கு வேலைக்குப் போய் வரலாம். வாடகை 1,000 கூடினாலும், பஸ்ஸும் ரயிலுமாக 1,200 ஆனாலும், தாயாரைப் பார்த்துவர 400 ஆனாலும் மொத்தம் 2,600தான். மிச்சம் 4,000 ரூபாய். ரேஷன் அட்டை, மின் சலுகை, குழந்தைகளின் தமிழ்ப் பள்ளி மூன்றும் கைவிட்டுப் போகா. தேனி மாவட்டத்திலிருந்து கம்பமெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக விடியற்காலையில் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்கு வந்து மாலையில் இல்லம் திரும்பும் நம் சகோதரிகள், கணக்கு எழுதாமலே இந்த உண்மையை அறிந்தவர்கள். அந்த மலைப்பாதையின் அலுப்பையும் ஆபத்தையும் அறிந்தவர்களும் அவர்களே. ஆகவே பயண நேரத்தையும் ஒரு செலவாகவே கொள்ள வேண்டும்.

இனி மூணாற்று விடுதி வேலை. மாதச் சம்பளம் 20,000, தங்க அறை, மூன்று வேளை உணவு என்றால், உடுமலை வரவைவிட 2,400 அதிகம். வீட்டுச் சாப்பாட்டில் மிஞ்சும் 2,000ஐக் கூட்டி, ஊருக்குப் போய்வர 600ஐக் கழித்தால் மிச்சம் 3,800. மழையானாலும் சம்பளம் குறையாது. பார்வைக்கு இதுவும் நல்லதே. ஆனால் அவ்வறை அவர் ஒருவருக்கு மட்டுமே உரியது. மூணாற்றில் தேயிலை நிலமும் காடும் போக, வீடு கட்ட எஞ்சிய இடம் சொற்பம். இருக்கிற வீட்டையும் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள்வாடகைக்கு விட்டால் வருவாய் அதிகம். அங்கே குடும்பத்துக்கு வீடு தேடுவது எளிதன்று.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. சம்பளம் கொடுப்பவரே கூரையும் கொடுத்தால், வேலை போகிற அன்றே வீடும் போகும். தேயிலைத் தோட்டத்து லயங்களில் வாழ்ந்த நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்த பாடம் இது. உழைத்து ஓய்வு பெற்றபின் லயத்து வீட்டை ஒப்படைத்துவிட வேண்டும் என்பதனால், பிள்ளைகளில் ஒருவரையேனும் தோட்ட வேலைக்கே அனுப்பிய குடும்பங்கள் எத்தனை! 2015 செப்டம்பரில் மூணாற்றுச் சாலையில் அமர்ந்து ‘பொம்பளை ஒருமை’ என்ற பெயரால் போராடிய பெண்கள் போனசும் கூலி உயர்வும் கேட்டார்கள். நாளொன்றுக்கு 232 ரூபாயாக இருந்த கூலி அதன்பின் 301 ரூபாயாயிற்று. கூலி உயர்ந்தது, குடியிருக்கும் லயம் சொந்தமாகவில்லை. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது 70 உயிர்களை இழந்தோம். எந்தச் சரிவின் அடியில் உறங்குவது என்பதைத் தேர்ந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு இருந்ததில்லை. ஆகவே, வேலையோடு வரும் வீடு இலவசம் என்று எவரேனும் சொன்னால், ‘வேலை நின்றால் எத்தனை நாள் அவகாசம்?’ என்று கேட்டு, அதைக் கடிதத்தில் எழுதி வாங்கிக்கொள்க.

நாட்கூலிக்கும் ஒரு குறை உண்டு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் புதுக் கட்டட வேலைகள் தளரும். கான்கிரீட் போடாத இடத்தில் வயரிங் குழாய் பதிக்க இயலாது. அம்மாதங்களில் 16 நாள் வேலையே கிடைத்தால் 1,100 வீதம் வரவு 17,600. அதாவது, உடுமலையில் 22 நாளில் கிடைப்பதே இங்கும் கிடைக்கும். வாடகை மட்டும் மழைக்கு இளகாது. உடுமலைப் பக்கத்திலோ அப்பருவமழை அவ்வளவு வலுப்பதில்லை. மாதக் கணக்கை விடுத்து ஆண்டுக் கணக்காகப் பார்க்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனால்தான்.

அனுபவம் மிக்க எலக்ட்ரீஷியன் மறக்கலாகாத இன்னொன்று அனுமதிச் சீட்டு. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளின்படி, மின் அமைப்பு வேலையை உரிமம் பெற்ற காண்ட்ராக்டர், தகுதிச் சான்று பெற்றவரின் மேற்பார்வையில், மாநில அரசு வழங்கிய அல்லது அங்கீகரித்த அனுமதிச் சீட்டு உடையவரைக் கொண்டே செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் பெற்ற வயர்மேன் சான்று எல்லை தாண்டியதும் தானே செல்லும் என்று எண்ணற்க. கேரள அரசின் மின் ஆய்வுத் துறைக்கு மாவட்டந்தோறும் அலுவலகம் உண்டு. அங்கே சென்று அங்கீகாரம் பெறும் முறையைக் கேட்டறிக. சீட்டு இல்லாதவர் பதினைந்து ஆண்டு அனுபவம் இருந்தும் உதவியாளர் கூலிக்கு நிற்க நேரும். விபத்து நேர்ந்தால் ‘இவர் நம் ஆளே அல்ல’ என்று கைவிரிப்பவர்களும் உண்டு. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று முதல் நாளே கேட்பதில் கூச்சம் வேண்டா.

வீட்டைப் பற்றி மேலும் இரண்டு வார்த்தை. நம் ஊரில் ஒத்தி என்பதைப் போல, பாலக்காட்டுப் பக்கம் பணயத்துக்கு வீடு விடும் வழக்கம் உண்டு. பெருந்தொகை ஒன்றைக் கொடுத்துவிட்டால் மாத வாடகை இல்லை. கையில் சொந்தப் பணம் உள்ளவருக்கு அது சௌகரியம். கடன் வாங்கிக் கொடுப்பவருக்கு வட்டியே வாடகையாகும். எப்படியாயினும், அவ்வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருக்கிறதா என்று விசாரித்து, எழுத்துமூலம் ஒப்பந்தம் செய்துகொள்ளாமல் பணம் கொடுக்கலாகாது.

குழந்தைகளின் படிப்பையும் கருத வேண்டும். சித்தூர், கொழிஞ்சாம்பாறை, தேவிகுளம், பீர்மேடு வட்டாரங்களில் தமிழ் வழிப் பள்ளிகள் உண்டு. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தால் கேரளப் பள்ளிகளில் மலையாளம் கட்டாய பாடமாயிற்று. சிறு குழந்தைகள் மலையாளத்தை விரைவில் கற்றுக்கொள்வார்கள். எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சிரமம் அதிகம். குடிபெயர்வதானால் ஏப்ரல், மே விடுமுறையிலேயே பெயர்க. ஆண்டின் நடுவில் பள்ளி மாற்றுவதால் பிள்ளைக்கு நேரும் இழப்பைக் கூலி உயர்வு ஈடு செய்யாது.

இனி அன்பரின் கேள்விக்கு நம் விடை. தம்பி வரட்டும், வீட்டைக் காலி செய்ய வேண்டா. முதலில் அனுமதிச் சீட்டுக்கு வழி செய்துகொண்டு, மூன்று மாதம் தனியே வேலை பார்க்கட்டும். அதில் ஒரு மாதமாவது மழை மாதமாக இருக்கட்டும். உடுமலையில் பதினைந்து ஆண்டில் சேர்த்த வாடிக்கைக்காரர்கள் அவருக்கு ஒரு சொத்து. அவர்களிடம் ‘போய்விட்டேன்’ என்று சொல்லாமல் ‘போய்ப் பார்த்து வருகிறேன்’ என்றே சொல்லட்டும். மூன்று மாதம் கழித்துக் கணவனும் மனைவியும் சேர்ந்து அமர்ந்து கையில் மிஞ்சியதை எண்ணட்டும். கஞ்சிக்கோடு நிலைத்தால் எட்டிமடைப் பக்கம் வீடு பார்ப்பதே உத்தமம். மூணாறு பிடித்தால் குடும்பத்துக்குத் தனிக் கூரை கிடைக்கும் வரை உடுமலை வீட்டை விடலாகாது. தாயாருடைய மனத்தையும் கேட்டறிய வேண்டும். முதிய வயதில் ஊரும் அயலாரும் அவர்களுக்கு மருந்து போன்றவர்கள்.

முன்னே வந்து நிலைத்துவிட்ட நமக்கும் ஒரு கடமை இருக்கிறது. ஊருக்குப் போகும்போது வாங்கும் கூலியை மட்டும் சொல்லி வருகிறோம். கொடுக்கும் வாடகையையும் மழை மாதத்து வரவையும் சேர்த்துச் சொல்வோமாக. அதைக் கேட்டபின் வருகிறவர் திடமாக வருவார். வராதவரும் நிம்மதியாக இருப்பார்.